குதிரையின் ரத்த அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வைத்திருப்பவர்கள் காய்ச்சல் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள், குளம்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். பிரஷர் என்று வந்தால் மட்டும் முழுப் பொறுப்பையும் டாக்டரிடம் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் மனிதருக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே குதிரைக்கும் பொருத்திவிடுகிறார்கள். இரண்டிலும் குதிரைக்குத்தான் நஷ்டம். குதிரையின் அழுத்தம் ஏறியிருந்தால் பெரும்பாலும் வலியோ பயமோ வேறு நோயோ பின்னால் இருக்கும். உயிருக்கு உலை வைப்பது, அழுத்தம் இறங்குவதுதான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

குதிரைக்கு இயல்பான ரத்த அழுத்தம் எவ்வளவு?

அமைதியாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு வாலில் பட்டை கட்டி அளந்தால், மேல் அளவு பெரும்பாலும் 110 முதல் 140 வரையும் கீழ் அளவு 65 முதல் 90 வரையும் இருக்கும். (எல்லாம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு, மனிதருக்குச் சொல்வதும் இதே அலகுதான்.) இரண்டுக்கும் இடைப்பட்ட சராசரி அழுத்தம் 80 முதல் 110 வரை. குதிரைக்குக் குதிரை, இனத்துக்கு இனம், கருவிக்குக் கருவி இது மாறும். அதனால் இந்த எண்களைக் கோடு போட்ட எல்லையாக நினைக்க வேண்டாம்.

500 கிலோ எடையுள்ள விலங்குக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே அளவா?

ஆமாம். உடம்பு பெரிதானால் அழுத்தமும் பெரிதாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிதாவது ரத்தத்தின் அளவும் ஓட்டமும்தான். 500 கிலோ குதிரையின் இதயம் 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் அவ்வளவு ரத்தத்தைத் தள்ளுவதால், சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது. ரத்தக் குழாய்களும் அதற்கேற்ப அகலமாக இருப்பதால் அழுத்தம் நம் அளவிலேயே நின்றுவிடுகிறது.

ஒட்டகச்சிவிங்கி இதற்கு விதிவிலக்கு. அதன் மூளை இதயத்துக்கு வெகு உயரத்தில் இருப்பதால் அதற்கு நம்மைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. குதிரையின் கழுத்து அவ்வளவு நீளமில்லை என்றாலும் அதே கணக்கு சிறிய அளவில் இங்கேயும் உண்டு. தலையைத் தூக்கி நிற்கும் குதிரையில் இதய மட்டத்து அழுத்தம் கொஞ்சம் ஏறும். தலையைத் தொங்கப் போட்டு நிற்கும்போது இறங்கும். அளக்கும்போது இது முக்கியம்.

எங்கே, எப்படி அளப்பது?

வாலில். வாலின் அடிப்பக்கத்தில், நடுக்கோட்டில், எலும்பை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. வாலைத் தூக்கி, முடியில்லாத அடிப்பக்கத்தில் விரலை மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நடுப்பகுதி சரியாக அந்தத் தமனிக்கு மேல் வரும்படி, வால் உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில் கட்ட வேண்டும். மேல்முடியை ஒதுக்கிவிட்டுக் கட்டுங்கள். ஒரு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும்.

பட்டையின் அகலம்தான் பலர் கோட்டை விடும் இடம். குறுகலான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அகலமானது குறைத்துக் காட்டும். வாலின் சுற்றளவில் எத்தனை பங்கு அகலம் வேண்டும் என்பது கருவியைப் பொறுத்து மாறும். ஒலியலை வைத்து அளக்கும் டாப்ளர் கருவிக்கு ஒரு கணக்கு, தானாகக் காற்றடித்து அதிர்வை வைத்து அளக்கும் கருவிக்கு வேறு கணக்கு. கருவியோடு வரும் கையேட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். அடுத்த முறையும் அதே பட்டை, அதே இடம். இன்று ஒரு பட்டை, நாளை ஒரு பட்டை என்று மாற்றினால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

பட்டை கட்டியதும் பொத்தானை அமுக்கிவிட வேண்டாம். குதிரை அதற்குப் பழகட்டும். தலையை அது இயல்பாக வைத்திருக்கும் உயரத்தில் விடுங்கள், தீனி கொடுக்காதீர்கள், பழகிய ஆள் பக்கத்தில் நிற்கட்டும். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்து மூன்று முதல் ஐந்து அளவுகள் எடுத்து சராசரி போடுங்கள்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. கருவி அழுத்தத்தோடு சேர்த்து நாடித்துடிப்பையும் காட்டும். அந்த நேரத்தில் நீங்களும் கையால் நாடியை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அந்த அழுத்த எண்ணையும் நம்பாதீர்கள். கருவி வாலின் அசைவையோ வேறெதையோ துடிப்பு என்று எண்ணியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வீட்டில் இருக்கும் பிரஷர் மெஷின் போதுமா?

பெரும்பாலும் போதாது. அது மனித நாடியின் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 30 என்று நிதானமாகத் துடிக்கும் குதிரை நாடியில் அது குழம்பிப் பிழை காட்டும், அல்லது தவறான எண்ணைத் தைரியமாகக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. கால்நடைகளுக்கான கருவியைப் பயன்படுத்துங்கள்.

கருவி காட்டிய எண்ணோடு டாக்டர் ஏதோ கூட்டினார். அது எதற்கு?

குதிரை நிற்கும்போது வாலின் அடி இதயத்தைவிட மேலே இருக்கிறது. ரத்தம் மேலே ஏற ஏற அழுத்தம் குறையும்: ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் சுமார் 8 மி.மீ. பாதரசம். தோள்மூட்டின் மட்டத்தை இதயத்தின் மட்டமாக வைத்துக்கொள்வது வழக்கம். அங்கிருந்து வாலில் பட்டை கட்டிய இடம் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், கருவி காட்டும் எண்ணோடு 23 கூட்டினால்தான் இதய மட்டத்து அழுத்தம் கிடைக்கும். குதிரை பக்கவாட்டில் படுத்திருந்தால் வாலும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டம், கூட்ட வேண்டியதில்லை.

இதனால்தான் ஒருவர் சொல்லும் 115-உம் இன்னொருவர் சொல்லும் 135-உம் ஒரே குதிரையின் ஒரே அழுத்தமாக இருக்க வாய்ப்புண்டு. யாராவது உங்கள் குதிரையின் எண்ணைச் சொன்னால், கூட்டிய பிறகா, கூட்டாமலா என்று கேளுங்கள்.

கருவி இல்லாமல் கையால் கண்டுபிடிக்க முடியுமா?

எண் கிடைக்காது. ஆனால் எண்ணைவிட அவசரமான பல தகவல்கள் கையிலேயே கிடைக்கும்.

கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்நுனியை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பென்சில் தடிமனில், வழுக்கி நகரும் ஒரு குழாய் தட்டுப்படும். அதை எலும்போடு சேர்த்து மெல்ல அமுக்கினால் துடிப்பு தெரியும். அதிகமாக அமுக்கினால் நின்றுவிடும். துடிப்பு வலுவாகத் தெரிந்தால் பிரஷர் அதிகம் என்று சொல்லிவிடுவார்கள், அது சரியில்லை. விரலில் படுவது மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வித்தியாசம். 120-க்கு 80 இருக்கும் குதிரையிலும் 90-க்கு 50 இருக்கும் குதிரையிலும் வித்தியாசம் 40தான், துடிப்பு ஒரே மாதிரி தோன்றும். முன்னது நலமாக இருக்கிறது, பின்னது ஆபத்தில் இருக்கலாம்.

அதனால் நாடியோடு சேர்த்து ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அப்புறம் காதுகளைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? கழுத்துப் பள்ளத்தில் ஓடும் பெரிய சிரையைக் கீழ்ப்பக்கம் விரலால் அடைத்தால் சில வினாடிகளில் நிரம்பிப் புடைக்க வேண்டும். நிரம்பத் தாமதமானால் ரத்தக் குழாய்களுக்குள் திரவம் குறைந்திருக்கிறது.

குளம்புக்கு மேலே துடிப்பு பலமாக அடிக்கிறது. பிரஷர் கூடிவிட்டதா?

கணுக்காலின் பின்பக்க ஓரத்தில் தெரியும் துடிப்பு அந்தக் குளம்புக்குள் நடப்பதைச் சொல்கிறது. குளம்பு சூடாக, துடிப்பு படபடவென்று பலமாக, குதிரை நடக்கத் தயங்கினால் குளம்பு அழற்சியை முதலில் சந்தேகியுங்கள். இரண்டு முன்னங்கால்களிலும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரே காலில் மட்டும் என்றால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். எதுவானாலும் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள். மறுநாள் வரை தள்ளிப் போடும் விஷயமில்லை இது.

மனிதர்களுக்கு வருவதுபோல் குதிரைக்கும் உயர் ரத்த அழுத்த நோய் வருமா?

காரணமே தெரியாமல் வருடக்கணக்கில் மெல்ல ஏறி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் அரித்து, பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும் அந்த மனித நோய் குதிரைகளிடம் வழக்கமாகக் காணப்படுவதில்லை. குதிரையில் அழுத்தம் ஏறினால் பின்னால் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

முதல் காரணம் வலி. குளம்பு அழற்சி, வயிற்று வலி, எலும்பு முறிவு என்று கடுமையான வலி எதுவும் அழுத்தத்தை ஏற்றும். இரண்டாவது பயமும் பரபரப்பும்: புது இடம், புது ஆள், பக்கத்து லாயத்துக் குதிரையை வெளியே கொண்டுபோவது, இவ்வளவு போதும். மூன்றாவதாக, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. நான்காவதாக, உடல் பருத்து, இன்சுலின் கட்டுப்பாடு கெட்டு, குளம்பு அழற்சி திரும்பத் திரும்ப வரும் மட்டக்குதிரைகள். இவற்றில் சிலவற்றுக்குப் பச்சைப்புல் செழிக்கும் பருவத்தில் அழுத்தமும் சேர்ந்து ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள்.

அதனால் 160 என்று ஓர் எண்ணைப் பார்த்ததும் பதறி எண்ணைக் குறைக்க முனையாதீர்கள். குதிரையை ஒரு மணி நேரம் அமைதியாக விட்டு மறுபடி அளங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் எங்கே வலிக்கிறது என்று தேடுங்கள். நான்கு குளம்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். வலியைத் தீர்த்தால் எண் தானாக இறங்கும். வலியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மருந்தால் இறக்கினால், குதிரை தன் வேதனையைச் சொன்ன வழி ஒன்றை நாமே அடைத்துவிட்டோம் என்றுதான் ஆகும்.

முதன்முதலில் குதிரைக்குப் பிரஷர் பார்த்தது யார்?

ரத்த அழுத்தத்தை அளந்த தொடக்ககாலச் சோதனைகளில் மிகவும் புகழ்பெற்றது ஒரு பெண்குதிரையில்தான் நடந்தது. இங்கிலாந்தின் பாதிரியாரும் அறிவியல் ஆர்வலருமான ஸ்டீஃபன் ஹேல்ஸ் அதைச் செய்தார். முடிவுகளை 1733-இல் அச்சில் கொண்டுவந்தார். 14 கை உயரம், அதாவது சுமார் 142 செ.மீ., வயது ஏறக்குறைய 14. வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட குதிரை அது. உயிரோடு மல்லாக்கக் கட்டிவைத்து, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். ரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசைந்தது.

பாதரசக் கணக்கில் அது 190-க்கும் மேல். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு இவ்வளவு இருக்காது. வரலாற்றில் புகழ்பெற்ற அந்த ரத்த அழுத்த அளவு, வலியிலும் பீதியிலும் கட்டுண்டு கிடந்த ஓர் உயிரின் அளவு. மேலே சொன்ன வலி, பயம் பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஹேல்ஸ் அதோடு நிற்கவில்லை. ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குழாயில் உயரம் எவ்வளவு இறங்கியது என்று குதிரை இறக்கும்வரை குறித்தார். இன்று ரத்தப்போக்கைப் பற்றி நாம் அறிந்ததன் தொடக்கம் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் குதிரைக்கு மருத்துவ உலகம் முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

உப்புக்கட்டி வைத்தால் பிரஷர் ஏறுமா?

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஆரோக்கியமான குதிரைக்கு அந்தக் கவலை வேண்டாம். குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பு மிகுந்தது. வேலை செய்யும் குதிரை நிறைய உப்பை இழக்கிறது. உப்பைப் பயந்து நிறுத்தினால்தான் பிரச்சினை வரும். சிறுநீரகக் கோளாறு உள்ள குதிரைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு வேகத்தில் ஓடும்போது அழுத்தம் என்ன ஆகிறது?

இங்கேதான் குதிரையின் உடம்பு பிரமிக்க வைக்கிறது. 30 முறை துடித்துக்கொண்டிருந்த இதயம் நிமிடத்துக்கு 220, 240 என்று போகும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். ஓய்வில் ரத்தத்தின் அளவில் 35 முதல் 40 சதவீதமாக இருந்த சிவப்பணுக்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். நல்ல பந்தயக் குதிரையின் இதயம் அப்போது நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் தள்ளும். உடம்பின் தமனிகளிலும் அழுத்தம் நன்றாக ஏறும். ஆனால் உழைக்கும் தசைகளில் குழாய்கள் விரிந்து வழிவிடுவதால் அந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது.

நுரையீரலில்தான் சிக்கல். அங்கே ஓய்வில் 25, 30 அளவில் இருக்கும் சராசரித் தமனி அழுத்தம் ஓட்டத்தில் 80-ஐத் தாண்டி 100 வரைகூடப் போகும். நிமிடத்துக்கு 240 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கால் வினாடிதான். அதற்குள் இடது இதயம் நிரம்பியாக வேண்டும், காலியாகவும் வேண்டும். அவ்வளவு சீக்கிரம் நிரம்ப, பின்னாலிருந்து பெரிய அழுத்தம் தள்ள வேண்டியிருக்கிறது. அது அப்படியே நுரையீரலின் நுண்குழாய்கள் வரை போகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சவ்வோ, ஆக்சிஜன் எளிதாகக் கடக்க வேண்டும் என்பதற்காக மிக மெல்லியதாக அமைந்தது. ஓர் அளவுக்கு மேல் அது கிழிந்து, ரத்தம் காற்றறைகளுக்குள் கசிகிறது. இதைத்தான் உடற்பயிற்சியால் வரும் நுரையீரல் ரத்தக்கசிவு என்கிறார்கள்.

பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுக்குழாயில் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால் பந்தயக் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ரத்தம் தெரியும். மூக்கில் வழிவது மிகச் சிலவற்றில்தான். மூக்கில் ரத்தம் வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. வழக்கத்துக்கு மாறாக ஓட்டத்தின் கடைசியில் தளர்வது, ஓடி முடித்ததும் அடிக்கடி விழுங்குவது, இருமுவது போன்றவற்றைக் கவனியுங்கள்.

ஃபுரோசமைடு என்ற மருந்தைப் பந்தயத்துக்குச் சுமார் 4 மணி நேரம் முன்னால் ஊசியாகப் போட்டால் சிறுநீர் அதிகம் பிரிந்து, ரத்தத்தின் நீர் குறைந்து, நுரையீரல் அழுத்தம் ஓரளவு இறங்கும். கசிவு குறையும், முழுக்க நிற்காது. பல நாடுகளில் பந்தய நாளில் இதற்குத் தடை உண்டு. என் கருத்தில் அந்தத் தடை நியாயமானது. மருந்து போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் உள்ள குதிரைக்கு வேண்டியது ஓய்வு.

ஓடாமலே மூக்கில் ரத்தம் வருகிறது. இதுவும் பிரஷரா?

லாயத்தில் சும்மா நிற்கும் குதிரைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பிரஷரை நினைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். காதுக்குக் கீழே, தொண்டைக்கு மேலே குதிரைக்குக் காற்றுப்பைகள் இரண்டு உண்டு. மூளைக்குப் போகும் பெரிய தமனி அந்தப் பையின் சுவரை ஒட்டித்தான் போகிறது. அங்கே பூஞ்சை பிடித்துத் தமனியை அரித்தால் முதலில் சின்னதாக ஒரு ரத்தப்போக்கு வந்து நிற்கும். சில நாட்களில் உயிரைப் பறிக்கும் பெரிய போக்கு வரக்கூடும். முதல் சின்னப் போக்கிலேயே டாக்டரை வரவழைத்தால் காப்பாற்ற வழியிருக்கிறது.

நாடி எண்ணும்போது நடுவில் ஒரு துடிப்பு விட்டுப் போகிறது. பயப்பட வேண்டுமா?

ஓய்வில் இருக்கும் நல்ல தேகக்கட்டுள்ள குதிரைகளில் இது சர்வசாதாரணம். மூன்று, நான்கு துடிப்புக்குப் பிறகு சரியாக ஒரு துடிப்பு நேரம் இடைவெளி, மறுபடி ஒழுங்கு. ஓய்வில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உடம்பு இதயத்தை நிதானப்படுத்தும் வழி இது. கொஞ்சம் வேகநடை போடவிட்டு எண்ணுங்கள், இடைவெளி மறைந்துவிடும். மறையாவிட்டாலோ, இடைவெளிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தாலோ, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மேலறைத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறாக இருக்கலாம். அதுவரை சவாரி வேண்டாம்.

அப்படியானால் தாழ்ந்த அழுத்தம் எப்போது ஆபத்து?

மூன்று சூழல்கள்: மயக்க மருந்து, கடும் வயிற்று நோய், ரத்தப்போக்கு.

முழு மயக்கத்தில் இருக்கும் குதிரைக்கு அழுத்தத்தைப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. மயக்க வாயு இதயத்தைத் தளர்த்தும், குழாய்களை விரிக்கும். கூடவே 500 கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடக்கிறது. அடியில் நசுங்கும் தசைகளுக்குள் ரத்தம் போக வேண்டுமானால் அந்த நசுக்கலைத் தாண்டும் அழுத்தம் வேண்டும். சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே போய் நீண்ட நேரம் நின்றால் அந்தத் தசைகள் ரத்தமின்றிச் செத்துப்போகும். அறுவை நன்றாக முடிந்திருக்கும். ஆனால் கண் விழித்த குதிரை எழ முயன்று, கால் மடங்கி விழுந்து, மறுபடி முயன்று, எலும்பை முறித்துக்கொள்ளும். சராசரியை 70-க்கு மேல் வைத்தால் இந்தத் தசைச் சேதம் வெகுவாகக் குறைகிறது என்பது 1980-களில் தெளிவானது. அதற்குப் பிறகு முகத்துத் தமனியில் மெல்லிய குழாய் செருகி நொடிக்கு நொடி அழுத்தம் பார்ப்பதும், இறங்கினால் டோபியூட்டமின் சொட்டு மருந்து ஓட்டுவதும், தடித்த மெத்தை போடுவதும், அடியில் இருக்கும் முன்னங்காலை முன்னால் இழுத்து வைப்பதும் வழக்கமாயின. இவ்வளவுக்குப் பிறகும் வயிற்று அறுவை அல்லாத குதிரைகளிலேயே ஏறக்குறைய 100-இல் ஒன்று மயக்கத்தையொட்டி இறக்கிறது என்று பெரிய ஆய்வு ஒன்று 2002-இல் காட்டியது.

உங்கள் குதிரைக்கு அறுவை என்றால், தமனியில் நேரடியாக அழுத்தம் பார்ப்பார்களா, அதைக் கவனிக்கவே தனியாக ஓர் ஆள் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். தயங்காதீர்கள். நல்ல டாக்டர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வயிற்று வலியில் கிடக்கும் குதிரைக்குப் பிரஷர் சரியாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. அழுத்தம் கடைசியில் விழும். 500 கிலோ குதிரைக்குள் ஏறக்குறைய 40 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 5, 6 லிட்டர் போனாலும் இதயம் வேகமாகத் துடித்து, தோல், காது, கால்களுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை ஏறக்குறைய அப்படியே நிறுத்திவிடும். 12 லிட்டர் அளவைத் தாண்டினால் அந்தச் சமாளிப்பு முறியும், எண் சடசடவென்று இறங்கும். அப்போது நேரம் கடந்திருக்கும். குடல் முறுக்கிக்கொண்டு உடம்பின் நீர் குடலுக்குள் போகும்போதும் இதே கதைதான். எண்ணுக்கு முன்னால் எச்சரிப்பவை நாடியும் ஈறும். ஓய்வில் நாடி 60-ஐத் தாண்டி, ஈறு நிறம் மாறி, மறுபடி சிவக்க 3 வினாடிக்கு மேல் ஆனால், பிரஷர் 120 இருந்தாலும் அது அவசரம்.

மயக்கி நிறுத்தும் ஊசி போட்ட பிறகு பிரஷர் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அது ஊசியின் பிரஷர். சைலசின், டெட்டோமிடின் போன்றவை முதல் சில நிமிடங்களில் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், துடிப்பை 20-களுக்கு இறக்கும்; அப்புறம் அழுத்தம் இயல்புக்குக் கீழே இறங்கி வெகுநேரம் நிற்கும். அசிப்ரோமசின் வேறு ரகம்: குழாய்களை விரித்து நேராக இறக்கும், பல மணி நேரம் நீடிக்கும். அடிபட்டு ரத்தம் போகும் குதிரையோ நீர் வற்றிய குதிரையோ துள்ளுகிறது என்று டாக்டரைக் கேட்காமல் அசிப்ரோமசின் கொடுப்பது அதைக் கீழே சாய்த்துவிடும். முதலுதவிப் பெட்டியில் இந்த மருந்தை வைத்திருப்பவர்கள் பெட்டி மூடியிலேயே இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

வயதான குதிரைக்கு இதய வால்வில் கசிவு என்றார்கள். அழுத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பத்து, பதினைந்து வயதைக் கடந்த குதிரைகளில் பெருந்தமனி வால்வு கசிவது அதிகம். வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் இதயத்துக்கே திரும்பி வடிவதால் கீழ் அளவு இறங்கும், மேல் அளவு அப்படியே நிற்கும் அல்லது ஏறும். விரலில் நாடி துள்ளி அடித்துச் சட்டென்று விழும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 60-க்கு மேல் போனால் கசிவு இதயத்தைச் சிரமப்படுத்துகிறது என்று பொருள். வாலில் பட்டை கட்டிப் பார்க்கும் அளவு உண்மையிலேயே கைகொடுக்கும் நோய் இது. ஸ்கேன், ஈ.சி.ஜி. இரண்டையும் பார்த்துத்தான் சவாரியை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தின் நடுவில் குதிரை சரிந்தால் மேலே இருப்பவரின் உயிரும் போகலாம். லேசான கசிவோடு வருடக்கணக்கில் நன்றாக வாழும் குதிரைகள் ஏராளம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மனிதரின் பிரஷர் மாத்திரையைக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மனிதருக்கும் நாய்க்கும் நன்றாக வேலை செய்யும் எனலாபிரிலை வாய்வழியாகக் கொடுத்தால் குதிரையின் குடல் அதை உறிஞ்சுவதே அரிது. அதே குடும்பத்து பெனாசெபிரில் குதிரையில் மேலாக வேலை செய்வதால், வால்வு கசிவுள்ள சில குதிரைகளுக்கு அதை டாக்டர்கள் எழுதுகிறார்கள். அளவும் தேவையும் அவர்கள் முடிவு.

பிறந்த குட்டிக்கு?

முதல் வாரத்தில் நாடி 80 முதல் 120 வரை இருப்பது இயல்பு. நோயுற்ற குட்டியில் சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். ஆனால் குட்டியில் ஒற்றை எண்ணைவிட, அது எழுந்து பால் குடிக்கிறதா, கால்கள் சூடாக இருக்கின்றனவா, அடிக்கடி தண்ணீர்போல் மூத்திரம் போகிறதா என்பதுதான் நம்பகமான செய்தி. மூத்திரம் நன்றாகப் போனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் எட்டுகிறது.

குட்டி போட்ட பிறகு வயதான பெண்குதிரை வியர்த்து நடுங்குகிறது. நடக்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பல ஈற்று கண்ட, வயது முதிர்ந்த பெண்குதிரைகளில் கருப்பைக்குப் போகும் தமனி ஈற்றின்போதோ பிறகோ கிழிவதுண்டு. வியர்வை, வயிற்று வலிபோல் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வெளுத்த ஈறு, வேகமான நாடி ஆகியவை அடையாளம். ரத்தம் கருப்பையைத் தாங்கும் சவ்வுக்குள் தேங்கியிருந்தால், அழுத்தம் தாழ்ந்திருக்கும்வரை அங்கேயே உறைந்து நிற்க வாய்ப்புண்டு. வயிற்று வலி என்று நினைத்து நடத்தினாலோ, குட்டியைப் பிரித்துத் தாயைப் பதறவைத்தாலோ அழுத்தம் ஏறி அந்த உறைவு பிய்ந்துவிடும். லாயத்தை இருட்டாக்குங்கள், சத்தத்தை நிறுத்துங்கள், குட்டி தாயின் கண் முன்னாலேயே இருக்கட்டும், குட்டியைத் தாய் மிதித்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். டாக்டர் வந்து திரவம் ஏற்றுவதில்கூட அளவோடு இருப்பார். அழுத்தத்தை வேகமாக இயல்புக்குக் கொண்டுவருவது இங்கே அவர் நோக்கமாக இருக்காது.

ஆரோக்கியமான குதிரைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை அளக்க வேண்டும்?

தொடர்ந்து அளக்கத் தேவையில்லை. நலமாக இருக்கும் ஒரு நாளில், அமைதியான நேரத்தில், ஒரு தடவை ஒழுங்காக அளந்து எழுதி வையுங்கள்: எண், நாடி, பட்டையின் அளவு, வாலில் கட்டிய இடம், தலை இருந்த உயரம். பிற்பாடு ஒப்பிட அந்தக் குதிரைக்கென்று ஓர் எண் கையில் இருக்கும். வால்வு கசிவு, சிறுநீரகக் கோளாறு, திரும்பத் திரும்பக் குளம்பு அழற்சி உள்ளவற்றுக்கு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். மற்றபடி தினமும் தாடையில் விரல் வைத்து நாடி எண்ணுவதையும் ஈறு பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.